கல்லீரல் நோயும் கீழே விழுவதும்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள் நான். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், உள்ளவர்கள் கீழே விழுந்து இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பிறகுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். "கால் வலு இல்லை, கொஞ்சம் நடக்க வையுங்கள்" என்பார்கள். காலைப் பார்த்தால் அது அவ்வளவு மோசமாக இருக்காது. விழுந்த காரணம் பல நேரம் மூளையில் இருக்கிறது. மூளை அப்படி ஆன காரணம் கல்லீரலில் இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் விழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வீடுகளில் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

ஈரல் வயிற்றில் இருக்கிறது. அதற்கும் கீழே விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடுவதைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும்; அது சிறுநீரில் போய்விடும். சிரோசிஸ் வந்தவருக்கு இரண்டு இடத்தில் இந்த வேலை கெடுகிறது. வேலை செய்யும் ஈரல் செல்கள் குறைந்துபோகின்றன. அதோடு, ஈரல் இறுகிப்போனதால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டு ரத்தக் குழாய்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. சுத்தமாகாத ரத்தம் நேரே மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

மூளையில் நட்சத்திர வடிவத்தில் சில செல்கள் உண்டு. நரம்பு செல்களைப் பராமரிப்பது அவற்றின் வேலை. அவை இந்த அம்மோனியாவை குளுட்டமின் என்ற பொருளாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. குளுட்டமின் சேரச் சேர அது தண்ணீரை உள்ளே இழுக்கும். செல் லேசாக வீங்கும். உடம்பில் எங்காவது தொற்று இருந்தால் இந்தப் பாதிப்பு இன்னும் கூடும். விளைவு, கவனம் சிதறுகிறது; கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்வது தாமதமாகிறது.

நிலைப்படியில் கால் தட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான். தட்டிய கணத்திலேயே நம் உடம்பு சமாளித்து நின்றுவிடும். இவர்களுக்கு அந்தச் சமாளிப்பு கொஞ்சம் பிந்துகிறது. அந்தக் கொஞ்சத்தில் தரையில் கிடக்கிறார்கள்.

அப்பச்சி (அப்பா) தெளிவாகப் பேசுகிறார், வந்தவர்களை எல்லாம் அடையாளம் தெரிகிறது. மூளை பாதிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்த நிலைக்கு ஹெபாடிக் என்செபலோபதி என்று பெயர். குழம்பிப் பேசுவது, பகல் இரவு தெரியாமல் போவது, கடைசியில் நினைவிழப்பது எல்லாம் அதன் வெளியே தெரிகிற கட்டங்கள். அதற்கு முன்னால், பேச்சில் எதுவும் தெரியாத ஒரு கட்டம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை மறைந்திருக்கும் நிலை என்கிறார்கள். ஊர்க்கதை பேசுவார், சம்பந்தி வீட்டு விவரம் சொல்வார், சிரிப்பார். ஆனால் தனியாகச் சோதனை வைத்துப் பார்த்தால் கவனமும் வேகமும் குறைந்திருப்பது தெரியும். எந்தச் சோதனை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சிரோசிஸ் உள்ளவர்களில் 20 முதல் 80 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருக்கிறது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன.

விழுவது இந்தக் கட்டத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பார்சிலோனாவில் வெளி நோயாளிகளாக வந்த சிரோசிஸ் நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. மறைந்திருக்கும் பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் விழுந்திருந்தார்கள். பாதிப்பு இல்லாதவர்களில் அது சுமார் 13 சதவீதம். இரண்டு பக்கமும் ஈரல் கெட்டவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே "நல்லாத்தானே பேசுறார்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தடவை விழுந்திருந்தாலும் ஈரல் டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது.

வீட்டில் இருக்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தூக்கம் மாறும். பகலில் சாய்வு நாற்காலியில் தூங்கி வழிவார், ராத்திரி முழித்துக்கொண்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், நடப்பார். அடுத்து கையெழுத்து. பேங்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் அதை வயசின் மேல் போட்டுவிடாதீர்கள். வட்டிக் கணக்கை மனசிலேயே போடுகிறவர் திடீரென்று பேப்பர் கேட்பது, சட்டைப் பொத்தான் போட நேரமாவது, காரணம் இல்லாத எரிச்சல், இவையும் அறிகுறிகள்தான். கூட வாழ்கிற ஆச்சிகளுக்கு இது டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "இவர் முன்ன மாதிரி இல்லை" என்று ஓர் ஆச்சி சொன்னால் நான் அதை அப்படியே நம்புகிறேன்.

ஒரு சின்னச் சோதனை உண்டு, மருத்துவர்களே பயன்படுத்துவதுதான். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவது. 10-க்கும் கீழே போனால் கவலைப்பட வேண்டும். படிப்பு, வயது இரண்டும் எண்ணிக்கையை மாற்றும் என்பதால் மற்றவரோடு ஒப்பிடாமல், நன்றாக இருந்த நாளில் அவரே சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். போனில் "சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்ற பதிலில் ஒன்றும் தெரியாது. வாரம் ஒரு தரம் பேரப்பிள்ளையை விட்டு இந்த விளையாட்டை விளையாடச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்கினால் தெரிந்துவிடும்.

இன்னொன்று கை. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டைப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள். கை அவ்வப்போது தொப்பென்று விழுந்து விழுந்து எழும்பினால் மறைந்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இது வயசான மறதியாகவோ பார்க்கின்சன் நோயாகவோ இருக்கக்கூடாதா?

இருக்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டியது டாக்டர்தான். ஒரு வித்தியாசம் மட்டும் வீட்டில் தெரியும்: வயசான மறதி மெதுவாக ஒரே திசையில் போகும், ஈரலால் வருவது ஏறி இறங்கும். மலச்சிக்கல் வந்த வாரம் மோசமாகி, சரியானதும் தெளிவு வரும்.

நடை மெதுவாகி, உடம்பு விறைத்து, முகபாவம் குறைந்து பார்க்கின்சன் மாதிரியே தெரிகிற ஈரல் நோயாளிகள் சிலர் உண்டு. ஈரல் வழியாகப் பித்தத்தில் வெளியேற வேண்டிய மாங்கனீசு என்ற உலோகம் வெளியேறாமல், மூளையின் ஆழத்தில் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியில் படிகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

ரத்தத்தில் சோடியம் குறைவது, பி12 குறைவது, சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போவது, முன்பு விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், இவை ஒவ்வொன்றும் ஆளை விழ வைக்கும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அப்புறம் எப்படி சிரோசிஸ்?

சர்க்கரை, உடல் பருமன், அதனால் வரும் கொழுப்பு ஈரல், ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், எல்லாமே சிரோசிஸில் கொண்டு விடும். குடித்தவர் என்று ஊர் நினைத்துவிடுமோ என்று நோயையே மறைக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். குடித்து வந்திருந்தாலும் கவனிப்பு இதேதான். குடியை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும்.

ரத்தத்தில் அம்மோனியா பார்த்தால் தெரிந்துவிடாதா?

அந்த ஒரு எண்ணை வைத்து உண்டு என்று முடிவு கட்ட முடியாது. ரத்தத்தை எடுத்து ஐஸில் வைத்து உடனே சோதிக்காவிட்டால் அளவு பொய்யாகக் கூடிவிடும். அளவு சாதாரணமாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும் என்பதற்கு அது உதவும்.

ஈரல் டாக்டர் எழுதிக் கொடுத்த லாக்டுலோஸ் மருந்தைக் கொடுத்தால் வயிற்றாலே போகிறது. விசேஷ வீட்டுக்குப் போகும்போது நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். நான் பார்த்தவரையில் அதிகம் பேர் சிக்கலில் மாட்டுவது இந்த இடத்தில்தான். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று வெளியூர் போகும்போது, வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று இரண்டு நாள் மருந்தை விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் குழப்பம், அல்லது விழுகை.

லாக்டுலோஸ் வெறும் பேதி மருந்து இல்லை. அது பெருங்குடலுக்குள் அமிலத்தன்மையைக் கூட்டும். அப்போது அம்மோனியா ரத்தத்தில் கலக்க முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு வெளியேறும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை இளக்கமாகப் போவதுதான் இலக்கு. அதற்கு எவ்வளவு மில்லி தேவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் சொல்லும் எல்லைக்குள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்திருக்கும் கட்டத்தில் உள்ளவர்களுக்கே இந்த மருந்தால் மூளைச் சோதனையிலும் அன்றாட வாழ்க்கையிலும் முன்னேற்றம் தெரிந்தது. இதோடு போதாதவர்களுக்கு, குடல் பாக்டீரியாக்களை அடக்கும் ரிஃபாக்ஸிமின் மாத்திரையும் சேர்ப்பார்கள்.

தண்ணீராக ஐந்து ஆறு தடவை போனால் அதுவும் ஆபத்து. உடம்பு வற்றி, உப்புச் சத்துகள் குறைந்து, எந்தக் குழப்பத்தைத் தடுக்க மருந்து கொடுத்தோமோ அதுவே வந்துவிடும். போதாததற்கு அவசரம் வேறு. அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும்போதுதான் பல பேர் விழுகிறார்கள். அதனால் கடைசி வேளை மருந்தைப் படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்காமல் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிற்று நீருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரையைக் காலையில் கொடுப்பதும் இதற்காகத்தான்.

எங்கள் வீடு பெரிய வீடு. என்னென்ன மாற்ற வேண்டும்?

பெரிய வீடுதான் பிரச்சினையே. முகப்பில் உட்கார்ந்திருப்பார், வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, கொல்லைப் பக்கம் கழிப்பறை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. முற்றத்தைச் சுற்றி இறங்குபடி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இத்தனையையும் தாண்டிப் போய் வர வேண்டும்.

கம்பி அடிப்பது, தளம் மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் கட்டில் போடும் இடத்தை மாற்றுங்கள். கழிப்பறை இருக்கும் அதே கட்டுக்குள்ளேயே, நடுவில் நிலைப்படி இல்லாத ஓர் அறையில் அவரைப் படுக்க வையுங்கள். "அப்பச்சியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்வார்களே" என்று தயங்குகிறார்கள். பகலில் அவர் முகப்பிலேயே இருக்கட்டும், வருகிறவர்களைப் பார்க்கட்டும். இரவு மட்டும்தான் இந்த ஏற்பாடு. அதுவும் முடியாவிட்டால் கட்டில் அருகிலேயே கமோடு நாற்காலி போடுங்கள்.

தரை அடுத்தது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வைத்து வார்ப்பதால் அதன் முகம் வழவழப்பாகவே வரும். பளபளப்புக்காகத் தண்ணீரில் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அவர் நடக்கும் வழியில் அதை நிறுத்துங்கள். துடைத்த தரை காய்கிற வரை அவர் எழுந்திருக்க வேண்டாம். சாக்ஸ் போட்டு நடக்க விடாதீர்கள். பின்பக்கம் பட்டை உள்ள, அடி வழுக்காத ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று கேட்பவர்களுக்கு, அந்த ஒரு ஜோடியை வாசல் பக்கமே கொண்டுபோகாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முற்ற வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் நுழையும் இடத்தில் கண் பழகக் கொஞ்ச நேரமாகும். தூரத்தையும் உயரத்தையும் கணிக்கும் திறன் இவர்களுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், பகலிலும் ஒரு விளக்கு எரியட்டும். தேக்கு நிலையில் துளை போட யாருக்கும் மனசு வராது, எனக்கே வராது. நிலைக்கு இரு பக்கமும் சரிவுப் பலகை வைக்கலாம். கைப்பிடியைப் பக்கத்துச் சுவரில் பதிக்கலாம். கழிப்பறைக்குள் மட்டும் தயங்காமல் கம்பி அடித்துவிடுங்கள்.

பருப்பு, முட்டை, கறி எல்லாம் நிறுத்திவிட்டோம். சரிதானே?

இல்லை. புரதத்திலிருந்துதான் அம்மோனியா வருகிறது என்பதால் ஒரு காலத்தில் டாக்டர்களே நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஊரில் சுற்றுகிறது. 2004-இல் பார்சிலோனாவில் ஆய்வு செய்து பார்த்ததில், குழப்பம் வந்து படுத்திருந்தவர்களுக்கே வழக்கமான புரதம் கொடுத்தும் நிலை மோசமாகவில்லை. புரதத்தைக் குறைத்தவர்களுக்கு உடம்புத் தசைதான் கரைந்தது.

தசை கரைவது இரட்டை நஷ்டம். ஈரல் கைவிட்ட அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசை எடுத்துச் சமாளிக்கிறது. தசை போனால் அந்த உதவியும் போகும், தாங்கி நிற்கக் காலும் இருக்காது. இப்போதைய பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, பாசிப்பயறு, தயிர், பால் ஆகியவற்றிலிருந்து வரும் புரதத்தை இவர்கள் உடம்பு நன்றாகவே ஏற்கிறது. முட்டை, மீன், கோழி பழகியவர்கள் அளவோடு தொடரலாம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் இன்னொரு சின்ன ஆகாரம் அவசியம்: பாலோடு இரண்டு இட்லியோ, பயறு சேர்த்த கஞ்சியோ. சிரோசிஸ் உள்ளவர் ஒரு ராத்திரி வெறும் வயிற்றோடு இருந்தால், நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமாகத் தசை கரையும் என்கிறார்கள். நோன்பு, விரதம் என்று பகலெல்லாம் சாப்பிடாமல் இருப்பதை இவர்கள் விட்டுவிட வேண்டும். வீட்டில் மற்றவர்கள் இருக்கட்டும்.

வயிற்றில் தண்ணீர் சேர்ந்திருந்தால் உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், வடகம், மோர் மிளகாய், உப்புக்கண்டம், அப்பளம், எல்லாம் இதில் அடிபட்டுப்போகும். இதை நிறுத்துவதற்குத்தான் பருப்பை நிறுத்தக் காட்டிய உறுதி தேவை.

ராத்திரி தூங்குவதில்லை. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. டயஸிபாம், அல்ப்ரஸோலம் வகை மாத்திரைகள் ஏற்கெனவே மந்தமான மூளையை இன்னும் அமுக்கும். தூக்கம் வர வைக்கும் சளி மருந்தும் இருமல் சிரப்பும் அதே வேலையைச் செய்யும். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் மாறியதே நோயின் அறிகுறி. மலம் சரியாகப் போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்ன உடற்பயிற்சி கொடுப்பீர்கள்?

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதுதான் முதல் பாடம். முடிந்த அளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அடுத்து, வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. பிறகு ஒரு காலுக்கு முன்னால் மற்றொரு காலை ஒட்டி வைத்து நிற்பது. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். நடை, பேச்சு இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க அவர்களால் முடியாது. உணவுக்குழாயில் ரத்தநாளம் வீங்கியிருந்தால் பாரம் தூக்குவது, மூச்சடக்கி முக்குவது வேண்டாம். காசு கொடுத்து வரவழைக்க முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

விழுந்துவிட்டார். என்ன செய்வது?

தூக்கி நிறுத்த அவசரப்படாதீர்கள். தலையில் அடிபட்டதா என்று பாருங்கள். இவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் பெரும்பாலும் குறைவாக இருக்கும், ரத்தம் உறைவதும் சீராக இருக்காது. எலும்பும் மெலிந்திருக்கும். தலையில் அடி என்றால், காயம் தெரியாவிட்டாலும், பேசிக்கொண்டிருந்தாலும், ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள். அடுத்த சில நாள்களில் தலைவலி, வாந்தி, கூடுதல் தூக்கம் வந்தால் "ஈரல் மயக்கம்தான்" என்று விட்டுவிடாதீர்கள். குழப்பம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, இவை இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏன் விழுந்தார் என்பதற்கான பதில் அந்த அறிகுறிகளில்தான் இருக்கும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஊசியோ மாத்திரையோ வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவைத் தூண்டும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் டாக்டர் சொல்படி கொடுக்கலாம். ஈரல் நோய் இருப்பதை ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டலாமா?

மறைந்திருக்கும் கட்டத்திலேயே எதிர்வினை தாமதமாகிறது. டாக்டர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை டி.வி.எஸ். சாவியை எடுத்து வைத்துவிடுங்கள்.

இது குணமாகுமா?

மருந்து, உணவு, தொற்றைத் தடுப்பது மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல தெளிவு வரும். திரும்பத் திரும்பக் குழப்பம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு, தெளிந்த பிறகும் கவனக்குறைவு கொஞ்சம் தங்கிவிடுகிறது. அதனால்தான் முதல் அறிகுறியிலேயே பிடிக்கச் சொல்கிறேன். ஈரல் மாற்று அறுவை சிகிச்சை மூளைக்கும் பலன் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பதிவு செய்யும் விவரத்தை டாக்டரிடம் சீக்கிரமே கேட்டு வையுங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வருஷா வருஷம் நடந்தவர். இந்த வருஷமும் போவேன் என்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டம்தான். வேண்டுதலை நான் தடுக்க முடியாது. ஆனால் வெயில், வியர்வை, நேரம் தவறிய சாப்பாடு, உறக்கமின்மை, தவறிப்போகும் லாக்டுலோஸ், இருட்டில் நடை, கொப்புளத்தில் தொற்று என்று குழப்பத்தைக் கூட்டி வருகிற அத்தனையும் அந்தப் பாதையில் இருக்கின்றன. முழு நடைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் அனுமதித்தால், குன்றக்குடியில் காவடி புறப்படும் இடத்தில் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, காலைக் குளிர்ச்சியில் கொஞ்ச தூரம் நடக்கட்டும். அங்கிருந்து காரில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அல்லது மருந்துப் பையோடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் நேரே பழனிக்குப் போய்விடலாம். வயிற்றில் தண்ணீர் இருந்தாலோ, கடந்த சில மாதங்களில் விழுந்திருந்தாலோ, காவடியை அவர் பேரில் மகனோ பேரனோ எடுத்துப் போகட்டும்.